காரீயம் உருக்கிய அடுப்பு

வேதியியல் பாடத்திட்டத்தில் மின்கலப் பாடத்தோடு இப்போது சமூகம், நெறி என்று ஒரு பகுதியையும் சேர்த்திருக்கிறார்கள் என்றும், அதை வகுப்பில் எப்படி நடத்துவது என்று எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எரிபொருளும் மின்கலமும் நடத்தியே பணிக்காலத்தைக் கழித்தவன், ஏதாவது உருப்படியாகச் சொல்லுவான் என்று நம்பிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பகுதியை நடத்தவேண்டிய இடத்தில் நான் நடத்தவில்லை. அதனால் ஒரு குழந்தை கெட்டது. நடந்ததைச் சொல்கிறேன். பாடக்குறிப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலா சிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். பள்ளியில் மலாய் மொழியில் நடத்துவேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது பாதிதான் ஏறும். ஆகவே சனிக்கிழமை காலைகளில், சுங்கை ஆயர் தாவார் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில், அரசாங்கச் சோதனை எழுதப்போகும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத் தமிழில் விளக்குவேன். அதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் வேறொரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்து, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து மக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியே இறங்கி அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு இனித்தது.

அந்த லயங்களுக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் வந்தது. பொழுது சாயும்போது போடுவார்கள். ஊர் சாப்பிட்டு முடிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வரும் தமிழ்ப்படம் அதற்குள் முடியாது.

“சார், கோர்ட்டு சீன் வரும்போது கரண்டு போயிருச்சு. அவன் தப்பிச்சானா மாட்டுனானான்னு தெரியாமலே ஒரு வாரம் ஓடுது,” என்று ஒரு பையன் வகுப்பில் அலுத்துக்கொள்வான்.

“மாட்டிருப்பான்லா. மூஞ்சியப் பாத்தாலே தெரியல?” என்பான் இன்னொருவன்.

இதற்கு ஊர் கண்ட வழி, கார் பேட்டரி. சின்னக் கறுப்பு வெள்ளை டிவியைப் பேட்டரியில் மாட்டிவிடுவார்கள். ஜெனரேட்டர் நின்றதும் பேட்டரி இருக்கும் வீட்டு வாசலில் லயமே கூடும். பேட்டரி இறங்கிவிட்டால் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய் ஏற்றிவரவேண்டும். நாளாக நாளாக அது ஏறவும் மறுக்கும். அப்புறம் லயத்துக்குப் பின்னால் கிடக்கும், கோழி ஏறி உட்கார.

ஈய அமில மின்கலத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, கலாவதி எழுந்து கேட்டாள். அந்த வகுப்பில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருக்கும்.

“சார், செத்த பேட்டரியத் தூக்கித்தான் போடணுமா? உள்ள இருக்கிற எல்லாமே ஒண்ணாவா சாவுது?”

இதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஒன்றாகச் சாவதில்லை என்பதுதான் பதில். செத்த பேட்டரிகள் இரண்டு மூன்றைப் பிரித்து, நல்ல தகடுகளைப் பொறுக்கிக் கழுவி, காரீயத்தை உருக்கி இணைத்து, புது அமிலம் ஊற்றினால் ஓடுகிற பேட்டரி ஒன்று கிடைக்கும். அடுத்த வாரமே லயத்துக்குப் பின்னால் கிடந்தவற்றை வகுப்புக்கு வரவழைத்தேன். பாடப்புத்தகத்தில் சமன்பாடாக இருந்தது பிள்ளைகளின் கையில் பொருளாக வந்தது. வாழ்க்கையிலிருந்து பாடம் என்று பிற்பாடு மேடைகளில் நான் பேசியதெல்லாம் இதைத்தான்.

அமிலத்தைப் பற்றி நன்றாகவே எச்சரித்தேன். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று பாட்டுப்போல் சொல்லவைத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஒரு பிள்ளைக்கும் சிறு காயம் பட்டதில்லை. காரீயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. கோலாலம்பூரில் படித்த காலத்தில், அது உடம்புக்குள் போனால் எங்கே போய்த் தங்கும், குழந்தைகளை என்ன செய்யும் என்றெல்லாம் எழுதித் தேறியவன். அமிலம் பட்ட உடனே சுடும், ஆகவே பயந்தேன். காரீயம் சுடாது. பாடத்திட்டத்திலும் அது இல்லை.

முதல் பேட்டரியைப் பிரித்துக் கழுவிய அன்று பாத்திரத்தின் அடியில் கறுப்பாகச் சேறு தங்கியது. கலாவதி அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“சார், இது மிச்சமா இருக்கே. இத எங்க ஊத்துறது?”

“லோங்காங்ல ஊத்தும்மா. அது சோதனையில வராது,” என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். நீங்கள் நடத்தக் கேட்கிற சமூகமும் நெறியும் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதைச் சிரிப்பாக்கி அனுப்பினேன்.

கலாவதியின் அப்பா முனியாண்டி குலை வெட்டுகிறவர். உயரத்திலிருந்து செம்பனைக் குலை ஒன்று தோளில் விழுந்து, நீளக் கழியைத் தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தில் வேலை செய்பவருக்குத்தான் லயத்து வீடு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து திண்ணமாக ஒன்றும் சொல்லாமல், “அடுத்து என்னப்பா செய்யப்போற?” என்று கேட்டுவிட்டுப் போவார். அதற்கு அர்த்தம், எப்போது காலி செய்கிறாய் என்பது. அப்படி இருந்த வீட்டுக்குள்தான் கலாவதி என் பாடத்தைக் கொண்டுபோனாள். முனியாண்டிக்குக் கைநுட்பம் இருந்தது. நானே அவர் வீட்டுக்குப் போய், முற்றத்து விறகடுப்பில் பழைய இரும்புச் சட்டியை வைத்து, காரீயத்தை எப்படி உருக்குவது என்று காட்டினேன்.

“சாதுவான உலோகம், முனியாண்டி. விறகுச் சூட்டுக்கே இளகும்,” என்று சொன்னது நினைவிருக்கிறது. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். சாது.

சில மாதத்தில் அவர் பேட்டரிக்காரர் ஆகிவிட்டார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் செத்த பேட்டரிகள் வந்தன. மண்டோர் வீட்டு டிவியும் அவர் கட்டிய பேட்டரியில் ஓடியது. அதன்பிறகு வீட்டைப் பற்றிக் கேட்பார் இல்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அங்கே போவது எனக்கு வழக்கமாயிற்று. முனியாண்டியின் மனைவி, லெட்சுமி, தேத்தண்ணி போட்டுத் தருவார். பால் தூக்கலாக, எவர்சில்வர் டம்ளரில். குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பேன்.

“சார், முந்தியெல்லாம் என்னைய ‘டேய் முனியாண்டி’ன்னுவானுங்க. இப்ப ‘பேட்டரிண்ணே’ங்கிறானுங்க,” என்பார் அவர்.

“ஆமா, பேட்டரிண்ணனுக்குத் தலையில சார்ஜ் ஏறிப்போச்சு. பேச்சப் பாருங்க சார்,” என்பார் லெட்சுமி.

அந்த வீட்டில் ஒரு சின்னப்பெண் இருந்தாள். பவானி. கலாவதிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். பாலர்பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகவில்லை. அப்பாவின் பக்கத்திலேயே குந்தியிருப்பாள். ஓயாத பேச்சு. மிச்சக் காரீயத்தைக் களிமண் அச்சில் ஊற்றி அவளுக்குச் சொப்புச் சாமான் செய்து கொடுத்திருந்தார் முனியாண்டி. சட்டி, கரண்டி, அம்மி, குழவி. பளபளவென்றிருந்தன. அந்தக் கரண்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, “மாஸ்டரு, கறி ருசியா இருக்கா?” என்று என்னைக் கேட்பாள். ருசியாக இருக்கிறது என்பேன். முனியாண்டியின் வேலைத்திறமையைப் புகழ்வேன். என் கண் முன்னால் நடந்தது இது.

இப்போது நான் சொல்லவேண்டிய சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மேலிடத்திலிருந்து சிலர் எங்கள் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே பேட்டரி செய்கிறார்கள் என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. மாநில அறிவியல் கண்காட்சிக்கு எங்களை அனுப்பலாம் என்று பேச்சு. கலாவதி மலாயில் விளக்கம் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த விளக்கத்தை நன்றாகச் சொன்னால் ஆறாம் படிவம் படிக்க உதவிப்பணம் கிடைக்கலாம் என்று நான் அவளிடம் ஆசைகாட்டியிருந்தேன். எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து முனியாண்டி வீட்டுக்குப் போனேன். பவானி வாசலில் பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஓயாமல் பேசுகிற பிள்ளை.

“என்னம்மா இவளுக்கு?”

“வயித்துவலி சார். சாப்பிட மாட்டேங்குது, சாப்பிட்டாலும் கக்கிருது. வெளிக்கிப் போயி நாளாச்சு. நடந்தா தடுமாறுது,” என்றார் லெட்சுமி. “டிரெசரு பூச்சி மருந்து குடுத்தாரு. நான் சுத்திப்போட்டும் பாத்துட்டேன். கண்ணுபட்டிருக்கும் சார். பேட்டரி வந்ததிலருந்து எல்லாருக்கும் எங்க மேலதான் கண்ணு.”

சொல்லிக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி போடக் குழாயடிக்கு டம்ளரைக் கழுவப் போனார். அங்கே தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல் இருந்தது. தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டு டம்ளரைத் தேய்த்தார். லயத்தில் எல்லார் வீட்டிலும் அடுப்புச் சாம்பலில்தான் பாத்திரம் விளக்குவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் இந்தச் சாம்பல் எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று என் கண் தானாகத் தேடிப் போயிற்று. முற்றத்தில் காரீயம் உருக்குகிற அடுப்பிலிருந்து அள்ளியது. விறகுச்சாம்பலின் வெளுப்பு இல்லை அதில். மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. கொஞ்சம் தள்ளிக் கீரைப்பாத்தி. பூச்சி வராமலிருக்க இலைகளின் மேலும் அதே சாம்பலைத் தூவியிருந்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. கரண்டி, சேறு, புகை, சாம்பல், வயிற்றுவலி. படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. சந்தேகம் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் இல்லை. தெரிந்தது.

தேத்தண்ணி வந்தது. வயிறு சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

முனியாண்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ‘இன்றே எல்லாவற்றையும் நிறுத்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு’ என்று சொன்னால் புதன்கிழமை இல்லை. கண்காட்சி இல்லை. நான் கற்றுக்கொடுத்தது ஒரு விஷம் என்று தோட்டம் முழுவதும் தெரியும். பேட்டரி நின்றால் மண்டோர் மறுபடி வருவார், இவர்களுக்கு வீடும் போகும் என்று ஒரு நல்ல காரணமும் கையில் கிடைத்தது. கெட்ட முடிவுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் பக்கத்திலேயே இருக்கும். வயிற்றுவலிதானே, ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்றது மனம்.

“முனியாண்டி, புகை பிள்ளைக்கு ஆகாது. அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க,” என்றேன்.

“செஞ்சிர்றேன் சார். நீங்க சொன்னா சரிதான்,” என்றார்.

சொன்னதை உடனே செய்தார். அன்று மாலையே அடுப்பை முற்றத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோனார். பின்பக்கம் என்றால் குழாயடிக்கும் கீரைப்பாத்திக்கும் நடுவில்.

தோட்டத்தை விட்டு வெளியே வரும் செம்மண் பாதையில் டிரெசர் எதிரே வந்தார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை அப்படித்தான் அழைப்போம். ஓய்வுபெறும் வயது, எதற்கும் பதறாத மனிதர். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“மாஸ்டர், பேட்டரிக்காரன் பொண்ணப் பாத்தீங்களா? ரெண்டுதரம் பூச்சி மருந்து குடுத்துட்டேன். இது பூச்சி இல்ல. எனக்குப் பிடிபடல. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?”

நேராகக் கேட்டார். ஒரு வார்த்தை போதும். அன்றே அவர் தோட்டத்து வேனில் பிள்ளையைப் போட்டு அனுப்பியிருப்பார்.

“நான் கெமிஸ்ட்ரி வாத்தியார், டிரெசர். வைத்தியத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

அவர் “சரி மாஸ்டர்” என்று வண்டியை உதைத்தார்.

புதன்கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. கலாவதி தடங்கலில்லாமல் விளக்கினாள். பிள்ளைகள் கட்டிய பேட்டரியில் டிவி ஓடியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். முனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் சுவரோரம் நின்றார். இவர்தான் அந்தப் பெண்ணின் தந்தை, இவரும் நம் மாணவர்தான் என்று நான் அறிமுகப்படுத்தியபோது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வந்தவர்கள் டவுனுக்குச் சாப்பிட அழைத்தார்கள். போனேன். வியாழக்கிழமை பள்ளியில் வேலை இருந்தது. சனிக்கிழமை எப்படியும் போகத்தானே போகிறேன் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை பவானிக்கு வலிப்பு வந்தது. நிற்காத வலிப்பு. டிரெசர் தூக்கிக்கொண்டு ஓடினார். கோலா சிலாங்கூரில் பார்த்துவிட்டுக் கிள்ளானுக்கு அனுப்பினார்கள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்துக்கு நான் போனபோது டாக்டர் அப்போதுதான் பேசிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் என்ன தொழில், எதில் பாத்திரம் விளக்குகிறீர்கள், பிள்ளை எதை வாயில் வைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். ரத்தத்தில் காரீயம், மூளை வீங்கியிருக்கிறது என்று சொன்னாராம். லெட்சுமி தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். கலாவதி தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நின்றாள். முனியாண்டி என்னைக் கண்டதும் எழுந்தார். அந்த நிலையிலும் எழுந்தார்.

“என் கையாலயே ஊட்டிட்டேன் சார். சொப்பு செஞ்சு குடுத்தேனே. படிக்காதவன், எனக்கு என்னா தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல.”

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஓர் ஆறுதலுக்காகப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று கேட்டதுபோல் இருந்தது.

“சொல்லியிருப்பேன், முனியாண்டி,” என்றேன்.

கலாவதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானி பிழைத்தாள். வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தவள் பேச்சை விட்டுவிட்டு வந்தாள். நடை கோணியிருந்தது. சோறு ஊட்டவேண்டும், கழுவிவிடவேண்டும். வளர்ந்தாள், ஆனால் வளரவில்லை. முனியாண்டி சட்டியையும் அச்சுகளையும் தோண்டிப் புதைத்தார். பேட்டரி நின்றதும் மண்டோர் வந்தார். அவர்கள் டவுனுக்கு வெளியே கம்பம் என்கிற சிற்றூர் ஒன்றில் பலகை வீட்டுக்குப் போனார்கள். முனியாண்டி ஒரு கிடங்குக்குக் காவல்காரரானார். லெட்சுமி வீட்டுவேலைக்குப் போனார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, கலாவதி சோதனை எழுதாமல் நின்றுவிட்டாள். நான் போய்ப் பேசினேன். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றேன். “எதுக்கு சார்?” என்று கேட்டாள். கண்காட்சிக்கு வேறு பள்ளி போயிற்று.

முனியாண்டி சாகும்வரை, தன் பிள்ளையைத் தானே கெடுத்தேன் என்றுதான் நினைத்தார். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி அழுவாராம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தில் பாதியாவது என் தோளுக்கு வந்திருக்கும். குலை விழுந்த தோளிலேயே அதையும் சுமந்துகொண்டு போனார். நான் பதவி உயர்வு பெற்றேன். சாவு வீட்டில் மாலையோடு முன்வரிசையில் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையே சொல்லியிருந்தால் பவானி நன்றாக இருந்திருப்பாளா என்று பிற்பாடு ஒரு டாக்டர் நண்பரிடம் யாரோ ஒருவருடைய கதைபோலக் கேட்டேன். “சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்,” என்றார். இந்தப் பதிலோடுதான் இத்தனை காலம் இருக்கிறேன். இனி யாரும் வேறு பதில் தரப்போவதில்லை.

நீங்கள் கேட்டதற்காக இரண்டொரு விஷயம் சொல்கிறேன். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நடத்தும்போது, மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கிற பிள்ளை ஒன்று எழும். எழாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சமன்பாட்டுக்கு முன்னால் கேளுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டா என்று பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் யார் வீட்டில், எந்தத் தண்ணீரில், எந்தச் சாம்பலில் புழங்குகிறார்கள் என்று தெரியாமல் ஒரு பொருளையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். பாதி எச்சரிக்கை செய்யாதீர்கள். உங்களை நம்புகிறவர் அந்தப் பாதியைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். உங்கள் பெயர் சம்பந்தப்பட்ட காரியத்தில் ஆபத்து தெரிந்தால், தீர்மானத்தை நீங்கள் எடுக்காதீர்கள். எதிரே வருகிற முதல் மனிதரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படி ஒருவர் வண்டியை நிறுத்தியே கேட்டார். இதெல்லாம் எனக்குப் பயன்படாத அறிவு. உங்களுக்காவது பயன்படுமா என்று தெரியவில்லை. அந்த நேரம் வரும்போது உங்கள் கையிலும் ஒரு புதன்கிழமை இருக்கும்.

இதை எழுதலாமா என்று கேட்கத்தான் சென்றமாதம் கலாவதியைப் பார்க்கப் போனேன். அவள் பெற்றோர் இருவரும் இல்லை. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. பவானி, நாற்பதைத் தாண்டிய பெண், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துணித்துண்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று நான் போய்வருவது வழக்கம்தான். போகும்போதெல்லாம் கலாவதி முக்குக்கடைக்குப் போய்ப் போத்தல் பானம் வாங்கிவந்து, என் முன்னாலேயே மூடியைத் திறந்து தருவாள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பெரிய விருந்தாளிக்குப் போத்தல் பானம்தான் கொடுப்பார்கள். எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அவள் பவானிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன். “கலா, அந்தச் சனிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன் அப்பாவிடம் பொய் சொன்னேன்.”

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. தங்கையின் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

“தெரியும் சார்.”

“எப்படி?”

“அன்னிக்கு அம்மா போட்ட தேத்தண்ணிய நீங்க குடிக்கல. அதுக்கு முந்தி ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல. டாக்டரு சாம்பலப் பத்திக் கேட்டப்பவே எனக்கு அந்த டம்ளரு ஞாபகம் வந்துருச்சு.”

நானே மறந்துபோன விஷயம் அது. மேலே அந்த வரியை எழுதியிருக்கிறேன் என்றால் அவள் சொன்ன பிறகுதான்.

“ஏன் கேட்கவில்லை, கலா? இத்தனை வருஷம்?”

“கேட்டு என்னா செய்ய சார்? அப்பா உங்கள நம்பிக்கிட்டிருந்தாரு. வாத்தியாருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லித்தான் கொஞ்சம் தூங்குவாரு. அத எதுக்குப் பிடுங்கணும்னு விட்டுட்டேன்.” கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். “எழுதுங்க சார். எங்க பேர மட்டும் மாத்திருங்க. இருங்க, கடைக்குப் போய்ட்டு வரேன்.”

“கடைக்குப் போகாதே. தேத்தண்ணியே போடேன், கலா,” என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

“வேணாம் சார். நீங்க போத்தலே குடிங்க.”

வாங்கிவந்தாள். வழக்கம்போல என் முன்னாலேயே மூடியைத் திறந்து கொடுத்தாள். குடித்தேன்.